ஒரு பக்கத்துக்கு ஏழு பாட்டு

அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிடம். சினிமாப் பாட்டு பெரும்பாலும் நாலேகால், நாலரை நிமிடம் ஓடும். ஆக ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு நிச்சயம். பார்த்துப் பொறுக்கிப் போட்டால் ஏழு. அந்த ஏழாவது பாட்டை உள்ளே கொண்டுவருவதில்தான் ரெக்கார்டிங் சென்டர்க்காரனின் கை தெரியும். கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் 'டக்'கென்று நின்றுபோனால் கேசட் கொடுத்தவர் மறுநாள் காலையில் வாசலில் நிற்பார். ஏழும் முழுசாக முடிந்து, நாலைந்து விநாடி வெறும் டேப் ஓடி, அதன்பிறகு நின்றால் அவர் தன் தெருவையே கடைக்குக் கூட்டிவருவார்.

இந்தத் தொழிலை நான் கற்றுக்கொண்டது திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில். 1992-93, பிளஸ் டூ படித்த வருடம். பகலில் ராயபுரத்தில் பள்ளிக்கூடம். சாயங்காலம் பல்லவன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தால், ராத்திரி கடை சாத்தும்வரை மெஷின் முன்னால்தான். படிப்பு கெட்டுவிடும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பையன் கையில் ஒரு தொழில் இருப்பதை எங்கள் பக்கத்தில் யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள். அசோக் லேலண்ட், என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை, மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை என்று சங்குச் சத்தத்தை வைத்தே ஊர் மணி பார்த்த காலம் அது. பிளஸ் டூ முடித்தால் சர் தியாகராயா கல்லூரி, பெண்களுக்குப் பாரதி மகளிர் கல்லூரி; இல்லையென்றால் ஐ.டி.ஐ., ஏதாவது கம்பெனியில் அப்ரண்டிஸ். அதுவும் இல்லையென்றால் துறைமுகத்தில் மாமா, சித்தப்பா யாரையாவது பிடித்து ஒரு வேலை. எந்தப் பக்கம் திரும்பப்போகிறோம் என்று தெரியாமல் நின்ற அந்த வருடம், கூடவே ஒரு பாட்டு எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

கடையில் எல்.பி. ரெக்கார்டு சுழற்றும் பிளேயர் ஒன்று, ஜப்பான் டெக்குகள், பத்துக் குமிழ் ஈக்குவலைசர், ஆம்ப்ளிஃபயர். சுவர் முழுக்க எக்கோ, எச்.எம்.வி. ரெக்கார்டுகள் நிமிர்ந்து நிற்கும். மேஜையில் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருக்கும். எந்தப் பாட்டு எத்தனை நிமிடம், எத்தனை விநாடி என்று கடைக்கார அண்ணன் தன் கையால் எழுதிவைத்தது. கடையில் இருந்ததிலேயே விலைமதிப்பானது அந்த நோட்டுதான் என்று இன்றும் சொல்வேன். பாட்டுப் பட்டியல் வந்தவுடன் நோட்டைப் புரட்டிக் கூட்டவேண்டும். இருபத்தொன்பது நிமிடம் நாற்பது விநாடி வந்தால் தைரியமாகப் போடலாம். நல்ல கம்பெனி டேப் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே சுற்றப்பட்டிருக்கும். டி.டி.கே. என்றால் முப்பத்தொரு நிமிடம் வரை நம்பலாம். பேர் தெரியாத கேசட்டை நம்பவே கூடாது.

எங்கள் ஊர்க் காற்று இந்த மெஷின்களுக்கு ஆகாது. கிழக்கே கூப்பிடு தூரத்தில் கடல். வடக்கே 1970-லிருந்து நிலக்கரி எரித்துக்கொண்டிருந்த எண்ணூர் அனல் மின் நிலையம். நடுவில் நாளெல்லாம் லாரிப் புழுதி. உப்பும் சாம்பலும் சேர்ந்தால் ஒயர் முனையெல்லாம் பச்சை பூத்து, ஒரு பக்க ஸ்பீக்கர் கொரகொரவென்று அழும். கேசட்டில் டேப் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் நகரும்; அகலமோ 3.81 மில்லிமீட்டர். அதற்குள் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நான்கு தடங்கள். பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் இதை வெளியிட்டபோது முதலில் பேச்சைப் பதிய ஒரு கருவியாகத்தான் நினைத்தார்கள். அவ்வளவு மெல்லிசான தடத்தில் ஜலதரங்கத்தின் கணீரை உட்காரவைக்க வேண்டுமென்றால் ஹெட்டில் ஒரு துளி அழுக்குகூட இருக்கக்கூடாது. குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்னால் துடைப்போம். பஞ்சில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். பழுப்பு நின்று பஞ்சு வெள்ளையாக வரும்வரை அண்ணன் ரெக்கார்டு பட்டனில் கைவைக்க விடமாட்டார்.

பட்டியல்களைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் அந்த வருடத்தை நினைத்தால் எனக்குப் படங்கள் வரிசையாக வருவதில்லை. நோட்டிலிருந்து கிழித்த தாள்கள்தான் வருகின்றன. லேலண்ட் சட்டையோடு ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் 'மன்னன்' கேட்பார்கள். 1992 பொங்கலுக்கு வந்த படம். தொழிற்சாலை, யூனியன், முதலாளி அம்மா என்று எங்கள் ஆட்களுக்குப் பழகிய கதை. அதில் ரஜினியே சொந்தக் குரலில் ஒரு பாட்டு பாடியிருந்தார். ஆனால் அவர்கள் முதலில் எழுதுவது ஜேசுதாஸ் பாடிய அம்மா பாட்டை. அது இல்லாத பட்டியல் அந்த வருடம் மிகக் குறைவு. அவர்களிலேயே கொஞ்சம் வயதானவர்களுக்குப் பாட்டே வேண்டாம், 'திருவிளையாடல்' வசனம் வேண்டும். சிவாஜியும் நாகேஷும் பேசும் தருமி காட்சியை கேண்டீனில் சாப்பாட்டு வேளையில் போட்டால், 1965-ல் அந்தப் படம் வந்தபோது பிறந்திருக்காத பையன்கள்கூட வரி பிசகாமல் கூடவே பேசுவார்கள்.

காசிமேட்டு விசைப்படகுக்காரர்கள் வேறு ரகம். "தலைவர் பாட்டு மட்டும்தாம்பா. வேற ஒண்ணும் வேணாம்." 'படகோட்டி' முழுசும், 'மீனவ நண்பன்' முழுசும், மீதி இடத்தில் நமக்குத் தோன்றியதைப் போடலாம், எம்.ஜி.ஆர். இருக்கவேண்டும், அவ்வளவுதான். அவர் இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. கடலில் பேட்டரியில் ஓடும் செட்டில் டேப் உப்பேறி மாதக்கணக்கில்தான் உயிரோடு இருக்கும். அதே பட்டியலோடு மறுபடி வருவார்கள். படகோட்டியின் பாட்டுகளையெல்லாம் எழுதியவர் வாலி என்று நான் சொன்னபோது, ஒரு பெரியவர் அந்தப் பெயரைத் தாளில் எழுதித் தரச்சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

கன்டெய்னர் லாரி டிரைவர்கள் சாலையில் வண்டியை வரிசையில் விட்டுவிட்டு வருவார்கள். சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983-ல் திறந்ததிலிருந்து எங்கள் சாலையின் முகமே மாறிப்போயிருந்தது. நின்றால் மணிக்கணக்கில் நிற்கவேண்டும். ஓடினால் விடியவிடிய ஓடவேண்டும். "தூத்துக்குடி போய்ச் சேர்ற வரைக்கும் கண்ணு மூடாத பாட்டா போடு தம்பி" என்பார்கள். எல்லோருக்கும் தொண்ணூறு நிமிடக் கேசட் வேண்டும். நாங்கள் வேண்டாம் என்போம். அறுபதின் டேப் 18 மைக்ரான் தடிமன், தொண்ணூறு 12 மைக்ரான்தான். லாரி குலுங்குகிற குலுங்கலில், டெக் சூட்டில், மெல்லிய டேப் ரோலரில் சுற்றிக்கொண்டு குடலை வெளியே தள்ளிவிடும். இரண்டு அறுபதாக வாங்கிப்போனவர்கள் திரும்பி வந்து நன்றி சொல்வார்கள்.

ஆடியில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள், கார்த்திகை பிறந்தால் வீரமணியின் ஐயப்பன் பாட்டுகள், ரம்ஜானுக்கு நாகூர் ஹனிபா. ஹனிபாவைத் தி.மு.க.காரர்களும் கேட்பார்கள், ராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பரில் அந்தக் கட்சியின் முதல் பொதுக்கூட்டம் நடந்த ஊர் இல்லையா! டிசம்பரில் ராயபுரத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலிருந்து ஆன்ட்டிகள் ஜிம் ரீவ்ஸின் கிறிஸ்துமஸ் பாட்டுகளைத் தேடி வருவார்கள். பர்மா பஜாரில் கிடைக்காததும் எங்களிடம் கிடைக்கும் என்று ஒரு பெயர் இருந்தது. எட்டடிக் கடையில் நின்றுகொண்டே வட சென்னை முழுவதையும் கேட்டுவிடலாம். பள்ளிக்கூடத்தில் எந்த ஆசிரியரும் எனக்கு இவ்வளவு ஊர் சொல்லிக்கொடுத்ததில்லை.

பிளஸ் டூவின் முதல் பருவத்தில் 'அண்ணாமலை' வந்தது. 1992 ஜூன் 27. சூப்பர் ஸ்டார் என்ற எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் விழ, தேவா போட்ட அந்தப் பின்னணி இசை முதல்முதலாக ஒலித்தது அந்தப் படத்தில்தான். அதைக் கேசட்டில் கேட்டு வந்தார்கள். பாட்டு இல்லை, அந்தச் சில விநாடிச் சத்தம் மட்டும்! ரசிகர் மன்றத்துக்காரர்களுக்குத் தட்டி திறக்கும்போது போட வேண்டும். படத்தின் எந்த எல்.பி.யிலும் அது கிடையாது. யாரோ தியேட்டரில் பிடித்துவந்த கரகர பதிவைத்தான் ஈக்குவலைசரில் தேய்த்து மெருகேற்றிக் கொடுத்தோம்.

அப்புறம் ஆகஸ்ட் 15 வந்தது. 'ரோஜா'.

அந்தப் படத்தின் பாட்டுகளைப் பற்றி எவ்வளவோ பேர் எழுதிவிட்டார்கள். கேசட் பதிகிறவன் மேஜையில் அது என்ன செய்தது என்பதை நான் சொல்லவேண்டும். அதுவரை எங்கள் மெஷின்கள் இளையராஜாவுக்குப் பழகியிருந்தன. வயலின்கள் மெல்ல ஏறும், உச்சம் தொடும், இறங்கும். டெக்கின் மீட்டர் ஊசி கூடவே ஏறி இறங்கும். லெவல் குமிழை ஒருமுறை வைத்தால் பக்கம் முழுக்கத் தொடவேண்டாம். ரோஜாவில் முதல் பாட்டிலேயே அந்தப் பழக்கம் உதவவில்லை. அடியில் ஒரு பேஸ் திடீரென்று விழும்போது ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டி மோதி நிற்கும். அதற்குப் பயந்து லெவலைக் குறைத்தால், மின்மினியின் குரலைச் சுற்றி மேலே நடக்கும் சன்னமான சத்தங்கள் டேப் இரைச்சலில் மூழ்கிவிடும். இரண்டையும் ஒரே டேப்பில் உட்காரவைக்க வேண்டும். ரகுமான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு ஸ்டூடியோ கட்டிக்கொண்டு, தானே மணிக்கணக்கில் உட்கார்ந்து அடுக்கடுக்காகச் சேர்த்த சத்தம் அது. இருபத்தைந்து வயதுப் பையனின் முதல் படம். நானும் அண்ணனும் அன்று ராத்திரி கடை சாத்திவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து, வெவ்வேறு லெவலில் பதிந்து பதிந்து கேட்டோம். கடைசியில் பேஸைக் கொஞ்சம் வெட்டி, ஊசி சிவப்பைத் தொட்டு உடனே விலகும் இடத்தில் நிறுத்தினார் அண்ணன். அந்த இடத்தில் குமிழுக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். கடையில் கடைசிவரை அந்தப் புள்ளிக்கு ரோஜா புள்ளி என்றுதான் பெயர்.

அடுத்த பிரச்சினை வாங்குகிறவர் வீட்டில். எங்கள் தெருக்களில் இருந்தவை பெரும்பாலும் ஒரே ஸ்பீக்கர் டூ-இன்-ஒன்கள். ரோஜாவை அதில் போட்டுவிட்டு, "பஸ் ஸ்டாண்டு கடையில கேட்டப்ப ஜில்லுன்னு இருந்துச்சே, எங்கூட்ல மொத்தமா கேக்குது" என்று வந்து நிற்பார்கள். தையல்காரர் ஆளைப் பார்த்து அளவெடுப்பதுபோல அவர்கள் வீட்டுச் செட்டை விசாரித்துத்தான் நாங்கள் பதிவோம். டெக்கில் டால்பி என்று ஒரு பட்டன் உண்டு. அதைப் போட்டுப் பதிந்தால், அதே வசதியுள்ள டெக்கில் போட்டுத்தான் கேட்கவேண்டும், அதுதான் முறை. டால்பி இல்லாத செட்டில் அந்தக் கேசட் ஓடினால் மேல் சத்தம் கூடுதலாக, பளிச்சென்று கேட்கும். மங்கலான டூ-இன்-ஒன்னுக்கு அதுவே மருந்து. அப்படித்தான் கொடுத்தோம். கொஞ்சம் இரைச்சலும் கூடத்தான் வரும். ஒருவரும் குறை சொன்னதில்லை.

அதிலும் தீராதவர்கள் செட்டையே தூக்கிக்கொண்டு வருவார்கள். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட சின்னத் திருகாணி ஒன்று இருக்கும். காலப்போக்கில் அது அசைந்து, ஹெட் டேப்புக்கு நேராக நிற்காமல் கோணலாகிவிடும். பாட்டை ஓடவிட்டு, மெல்லிய ஸ்குரூடிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பவேண்டும். சத்தம் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோலவே இருக்கும். ஓர் இடத்தில் சட்டென்று திறந்துகொள்ளும். கொலுசு கேட்கும், பாடுகிறவர் மூச்செடுப்பது கேட்கும். அந்த நொடியில் செட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கவேண்டும். இந்தத் தொழிலில் எனக்கு அதற்கு மேல் ஒரு கூலி இருந்ததாக நினைக்கவில்லை.

தீபாவளிக்குத் 'தேவர் மக'னும் 'பாண்டிய'னும் ஒரே நாளில் மோதின. எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ராஜாவா ரகுமானா என்ற சண்டை அதற்குமேல் தனியாக ஓடியது; தேசிய விருதுகள் வந்தபோது இசைக்கும் பாட்டெழுதியதற்கும் ரோஜாவுக்கும், ஜானகி பாடியதற்குத் தேவர் மகனுக்கும் கிடைத்து, இரு தரப்பும் தாங்களே ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டன. தண்டையார்பேட்டை அகஸ்தியா, வண்ணாரப்பேட்டை மகாராணி என்று எங்கள் எல்லைக்குள் இருந்த தியேட்டர் வாசல்களில் ஆரம்பிக்கும் இந்த வாதம், வெள்ளிக்கிழமை தூர்தர்ஷனில் 'ஒளியும் ஒலியும்' முடிந்தவுடன் கடை வாசலுக்கு வந்துவிடும். அந்த அரைமணி நேரம் தெருவில் ஆளே இருக்காது. முடிந்தவுடன் திமுதிமுவென்று பட்டியல்களோடு வருவார்கள்.

பெண்கள் நேரில் வருவது அபூர்வம். தம்பியிடம் தாள் கொடுத்தனுப்புவார்கள். கையெழுத்து அழகாக, பாட்டுக்குப் பக்கத்தில் படத்தின் பெயர், பாடியவர் பெயர் எல்லாம் சுத்தமாக எழுதியிருக்கும். பட்டியல் போடுவதில் அவர்களுக்கு இருந்த நேர்த்தி மற்ற யாருக்கும் கிடையாது. ஒரு சோகப் பாட்டுக்குப் பின்னால் எது வரவேண்டும், பக்கம் எதில் தொடங்கி எதில் முடியவேண்டும் என்பதை யோசித்து வைத்திருப்பார்கள். வரிசையை மாற்றினால்தான் ஏழாவது பாட்டு நுழையும் என்கிற சமயத்திலும் அண்ணன் அவர்கள் வரிசையைத் தொடவிடமாட்டார். "அது அவங்க கட்டினது தம்பி. நாம ஏத்தி மட்டும் குடுக்கணும்" என்பார். கேட்பதை விலைக்கு வாங்க முடியாதவர்கள் கேட்பதைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. நாங்கள் பதிந்ததில் பாட்டெழுதியவருக்கோ இசையமைத்தவருக்கோ ஒரு காசு போகவில்லை என்பதும் உண்மை. 1957-ன் பதிப்புரிமைச் சட்டம் இதை அனுமதிக்கவில்லை. அந்தப் பணம் அவர்களுக்குப் போயிருக்கவேண்டும் என்று இன்று தயங்காமல் சொல்வேன்.

பிப்ரவரியில் பிரிவு விழா. வகுப்புப் பையன்கள் நடனத்துக்கு ஆறேழு பாட்டிலிருந்து துண்டு துண்டாக ஒட்டி ஒரே பாட்டாக்கித் தரச்சொன்னார்கள். இன்று போனிலேயே முடிகிற வேலை. அன்று பாஸ் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு, தாளம் விழும் நொடிக்குக் காத்திருந்து விடவேண்டும். அரை விநாடி தவறினால் முதலிலிருந்து. மேடையில் ஒட்டு தெரியாமல் ஓடியபோது நான் மெஷின் பக்கம் நின்றுகொண்டு தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதைவிட முக்கியமான ஒரு கேசட் உண்டு. தேர்வுக்கு முன்பே கம்பெனி அப்ரண்டிஸ் வேலை உறுதியாகிவிட்ட நண்பன் ஒருவன், கடைசி வகுப்புகளைப் பதிந்து வைத்துக்கொள்ள ஆசைப்பட்டான். கடையிலிருந்து டூ-இன்-ஒன்னை வாங்கிப்போய் கடைசி பெஞ்சுக்கடியில் வைத்தோம். அதன் உள் மைக்கில் சத்தத்தைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பு உண்டு. யாராவது பேசும்போது தணிந்துகொள்ளும்; பேச்சு நின்றால் தானாக ஏறி, தூரத்துச் சத்தத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். பாட்டுப் பதிய அது லாயக்கில்லை. ஆனால் அதனால்தான் அந்தக் கேசட்டில் கெமிஸ்ட்ரி ஐயா உப்புப் பகுப்பாய்வு சொல்லி மூச்சு வாங்கும் இடைவெளியிலெல்லாம் காக்கை, பக்கத்து வகுப்பின் கூச்சல், ராயபுரம் ரயில் நிலையப் பக்கமிருந்து கூட்ஸ் வண்டியின் ஹாரன் எல்லாம் ஏறியிருக்கின்றன. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் கிளம்பிய நிலையம் அது. எங்கள் பாடங்களெல்லாம் அந்த ஹாரனுக்கு நின்று நின்றுதான் நடந்தன. கடைசி நாளில் வெள்ளைச் சட்டையில் இங்க் அடித்துக்கொண்ட கூச்சலும் அதில் இருக்கிறது. ஆட்டோகிராஃப் நோட்டுகளில் எழுதியதெல்லாம் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான். குரல்கள் ஒன்றுபோல ஒன்று இல்லை.

தேர்வு முடிந்து, தமிழ்ப் புத்தாண்டன்று, 1993 ஏப்ரல் 14-ல் சன் டி.வி. தொடங்கியது. கேபிள் இழுத்த வீடுகளில் பாட்டுக்கு வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கும் வழக்கம் போயிற்று. ஜூலையில் 'ஜென்டில்மேன்' வந்தபோது ரோஜா புள்ளியை இன்னும் கீழே இறக்கவேண்டியிருந்தது. பத்தாண்டுக்குள் எம்.பி.3 சி.டி.யும் எஃப்.எம்.மும் வந்து கடைகள் மூடின. அண்ணன் ரெக்கார்டுகளை விற்றார். அந்த நேர நோட்டை என்னிடம் கொடுத்தார். அகஸ்தியாவும் 2020-ல் மூடிவிட்டது.

இப்போது நான் பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுக்கிறேன். சினிமாக் கேசட் கொண்டுவருகிறவர்களிடம் அது போனிலேயே கிடைக்கும் என்று சொல்லிவிடுவேன். அவர்கள் பட்டியல் எழுதிப் பதிந்தது என்றால் மட்டும் வாங்கிக்கொள்வேன். அந்த வரிசை வேறெங்கும் கிடைக்காது. அந்த வகுப்புக் கேசட்டையும் இப்படித்தான் மாற்றினேன். காக்கையையும் ரயிலையும் நீக்கவா என்று சாஃப்ட்வேர் கேட்டது. நான் எதையும் நீக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது இருந்தால், எடுத்தவுடன் செட்டில் போட்டுப் பார்க்காதீர்கள். கடலோர வீடென்றால் டேப் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை இருக்கும். அது ஹெட்டில் ஏறி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். நடுவில் ஹெட் அமரும் இடத்துக்குப் பின்னால் குட்டிப் பஞ்சு ஒன்று ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது விழுந்திருந்தால் சத்தம் ஏறி இறங்கும், டேப்பில் குற்றமில்லை. உறை உடைந்திருந்தாலும் தூக்கிப்போட வேண்டாம். ஐந்து திருகாணி போட்ட காலி உறைகள் என்னிடம் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. டேப்பை எடுத்து அதில் மாற்றிவிடலாம்.